இங்கிலிஷ் சின்னப் பாஷை

வின்சன்ட் மாஸ்டர் மொழிபெயர்க்க நின்றால் ஒரு சொல்லையும் கீழே விழவிடமாட்டார் என்று மன்னார்க் கரையில் இருக்கிற தாழ்வுபாட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் வின்சன்ட் மாஸ்டர்தான். தன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஊரில் ஆளில்லாதபோது அந்த வேலையையும் மொழிபெயர்ப்பாளனே இலவசமாகச் செய்ய வேண்டியிருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மாஸ்டர் என்ற பட்டமும் அப்படித்தான். அவர் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவரல்ல. கடைசி யுத்தம் தொடங்கிய கையோடு மனைவி றஞ்சினியையும் சின்னப் பிள்ளையாக இருந்த மகள் ஜெனிற்றாவையும் படகில் ஏற்றிக்கொண்டு இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் சொல்லிக்கொடுத்தார். அங்கே ஒட்டிய பட்டம் திரும்பி வந்த படகிலும் கூடவே வந்துவிட்டது. யுத்தம் முடிந்து, சத்தம் அடங்கி, எரிந்த இடங்களில் புல்லும் முளைத்த பிறகுதான் அவர் ஊர் திரும்பினார். யாராவது யுத்தத்தைப் பற்றிக் கேட்டால், “நான் அதைப் பேப்பரில வாசிச்சனான்” என்பார். பகிடியாகச் சொல்வதுபோல் இருக்கும், ஆனால் உண்மை.

வந்தவருக்குத் தொண்டு நிறுவனங்களில் நல்ல வேலை. வெள்ளை வாகனத்தில் வந்திறங்குகிறவர்கள் பேசப் பேச, இவர் வலுவூட்டல், கொள்திறன், நிலைபேறு என்று தமிழில் எடுத்துவிடுவார். சனத்துக்கு ஒன்றும் விளங்காது. இவ்வளவு பெரிய சொற்கள் வந்தால் பின்னால் கோழிக்குஞ்சாவது வரும் என்று மட்டும் தெரிந்து பொறுமையாக இருக்கும்.

இப்போது அவருடைய வீட்டுக் கவலை வேறு. ஜெனிற்றாவின் கணவன் ஜெனிஸ்ரன் வெளிநாட்டில். கலியாணம் முடித்து, மகள் வயிற்றில் இருக்கும்போதே போனவன். எந்த நாடு என்று இங்கே சொல்லாமல் விடுவோம், பெயரைச் சொல்லி விசாவைக் கெடுப்பானேன். பேத்தி றெபேக்காவுக்கு அப்பா என்றால் போன்தான். போன் அடித்தால் எடுத்து அதற்கு முத்தம் கொடுப்பாள். கடன் அட்டை வேண்டுமா என்று கொழும்பிலிருந்து கேட்ட வங்கிப் பெண்ணுக்கும் ஒரு முத்தம் போயிருக்கிறது. ஜெனிற்றாவும் பிள்ளையும் போக விசா கேட்டதற்குத் தூதரகத்தில் இரண்டு தடவை கைவிரித்துவிட்டார்கள். ஜெனிற்றா அழமாட்டாள். சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டே நிற்பாள், கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவுவாள். அதைப் பார்க்க வின்சன்ட் மாஸ்டருக்கு நெஞ்சு கரித்தது.

அந்த நாட்டுத் துணை அமைச்சர் ஒருவர் தாழ்வுபாட்டுக்கு வருகிறார் என்ற செய்தியோடு றம்ஸீன் வந்தது அந்த நேரத்தில்தான். றம்ஸீன் மன்னார் டவுன் பெடியன், இப்படியான வருகைகளுக்கு ஒழுங்கு செய்வதுதான் அவனுடைய தொழில். மீன் கெடாமல் வைக்க அந்த நாடு கட்டிக்கொடுத்த குளிர் அறையை அமைச்சர் திறந்துவைக்கப் போகிறார்.

“சேர், நீங்கள்தான் மொழிபெயர்க்கிறீங்கள்,” என்றான். “மனிசன் சந்தோசமாத் திரும்பினாரெண்டா, ஜெனிற்றாக்காவின்ர விசயத்தைக் காதில போட்டுவிடலாம். சந்தோசமா எண்டதை மட்டும் மறக்காதேங்கோ.”

வின்சன்ட் மாஸ்டர் மறப்பாரா. அன்றிலிருந்து குளிக்கும்போதும் அமைச்சருடைய பெயரை நாக்கில் உருட்டிப் பழகினார். மூன்று மெய்யெழுத்து ஒன்றாக வரும் பெயர், பல் கட்டியவர்களுக்குச் சரிவராது. அவருக்குக் கீழ்வரிசை கட்டியது.

அந்த நாடு அப்போது ஒரு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடத்தியது அவர்கள், நடந்தது வேறு ஆட்களின் மண்ணில். அவர்களுடைய ஊரில் ஒரு கண்ணாடி உடையவில்லை. ரீவியில் ஒவ்வொரு நாளும் காட்டினார்கள். வின்சன்ட் மாஸ்டரும் பார்த்தார், உச்சுக்கொட்டினார், பிறகு விசாவை நினைத்துக்கொண்டு சனலை மாற்றினார்.

திறப்புவிழா நாளன்று சோளகம் அடங்கிவிட்டது. கிழமைக்கணக்காகக் காற்றைத் திட்டிக்கொண்டு கரையில் கிடந்த ஆம்பிளைகள் எல்லாரும் விடியவே கடலுக்குப் போய்விட்டார்கள். குளிர் அறை யாருக்காகக் கட்டியதோ, அவர்களைத் தவிர மற்றவர்கள்தான் விழாவுக்கு மிச்சம். றம்ஸீன் பந்தலில் அடுக்கிய பிளாஸ்ரிக் கதிரைகளைப் பார்த்தான், தலையில் கைவைத்தான், பிறகு கடைசி யுத்தம் புகுந்து போன பெருநிலப்பக்கத்து வயல் கிராமங்களுக்கு பஸ் அனுப்பி மாதர் சங்கத்துப் பெண்களை ஏற்றிவந்தான். வயல் செய்கிற சனத்துக்கு மீன் வைக்கிற அறையால் என்ன பயன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாடு பார்சல் என்று சொல்லியிருந்தார்கள்.

அமைச்சர் உயரமான, நல்ல முகமுள்ள மனிதர். கைகுலுக்கும்போது இரண்டு கையாலும் குலுக்கினார். அவரோடு வந்த ரீவிக்காரர்கள் குளிர் அறையை ஒரு தடவை படம் எடுத்துவிட்டு, பிறகு சனத்தின் முகங்களைத்தான் எடுத்தார்கள். அமைச்சர் மைக்கைப் பிடித்து மீனைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு சட்டைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். கமெராக்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

“எங்கள் யுத்தத்தைப் பற்றி உலகம் எங்களிடம் கேள்வி கேட்கிறது,” என்று அமைச்சர் ஆங்கிலத்தில் தொடங்கினார். “அதற்கான பதிலை நான் இந்த மண்ணில் நின்று சொல்ல விரும்புகிறேன். இது நாங்கள் விரும்பிய யுத்தம் அல்ல. ஆனால் முடிக்காமல் விடமாட்டோம். முடிக்கலாம் என்று உலகத்துக்குச் செய்துகாட்டிய நாடு உங்களுடையது. நீங்கள் தயங்கவில்லை. நீங்கள் வென்றீர்கள். உங்களை நான் பாராட்டுகிறேன்.”

கொழும்பில் ஏதோ ஹோட்டலில் வாசிக்க எழுதிய பேச்சு அது. எழுதிக்கொடுத்தவனுக்கு இலங்கை என்றால் ஒரே இலங்கை. வின்சன்ட் மாஸ்டர் பந்தலைப் பார்த்தார். வெயிலில் பஸ்ஸில் வந்த பெண்கள், மடியில் பிள்ளைகளோடும் தண்ணீர்ப் போத்தலோடும், அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வென்றீர்கள் என்று இவர்களிடம் சொல்ல வேண்டும்.

அட விசரா, இதுக்குத்தானே இவ்வளவு காலமும் பல்லை விளக்கினாய் என்று தன்னையே ஒருதரம் ஏசிக்கொண்டார். ஆனால் அவரிடம் ஒரு பழைய உபாயம் இருந்தது.

“ஈண்டு நிகழ்ந்தேறிய வரலாற்றுப் போக்குகள், உலகளாவிய முன்மாதிரித்தன்மை வாய்ந்தவை என்பதை அமைச்சர் அவர்கள் விதந்துரைக்கின்றார்கள்,” என்றார்.

பந்தலில் ஒரு சலனமும் இல்லை. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். வின்சன்ட் மாஸ்டருக்கு உயிர் வந்தது. அமைச்சர் அடுத்ததைச் சொல்ல, இவர் இன்றியமையாமை, தவிர்க்கவியலாமை, நோக்குநிலை என்று மேலும் மேலும் புகையைப் போட்டார். பொய் சொல்லவில்லை, ஒரு சொல்லையும் விடவில்லை, ஒருவருக்கும் விளங்கவுமில்லை. தன் திறமையைத் தானே மெச்சிக்கொண்டு ஓரமாக நின்ற ஜெனிற்றாவைப் பார்த்தார். அவள் இடுப்பில் றெபேக்காவை வைத்துக்கொண்டு போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அந்தப் போனைப் பறித்து முத்தம் கொடுக்கப் பார்த்தது.

அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். உருக்கமான இடம் வருகிறது என்று அர்த்தம்.

“பொதுமக்களை நாங்கள் மறக்கவில்லை,” என்றார். “அவர்களுக்காக ஒரு பாதுகாப்பு வலயத்தை அறிவித்திருக்கிறோம். எல்லாரும் அங்கே போகும்படி வானத்திலிருந்து துண்டுப்பிரசுரம் போட்டிருக்கிறோம்.”

புகை போட நேரம் இருக்கவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இருப்பது ஒரே ஒரு சொல், அதை, அதற்குள்ளேயே குண்டு விழுந்த செய்தியோடு, மண்டபம் முகாமில் பேப்பரில் எத்தனையோ தரம் வாசித்தவர் அவர். அது தானாகவே, தண்ணீர்போலத் தெளிவாக வந்து விழுந்தது.

“சனத்துக்கு ஒரு பாதுகாப்பு வலயம் அறிவிச்சிருக்கினம். எல்லாரையும் அங்க போகச் சொல்லி நோட்டீஸ் போட்டிருக்கினம்.”

பந்தல் விழித்துக்கொண்டது. கொட்டாவி விட்டவர் வாயை மூடினார். மூன்றாவது வரிசையில் மெலிந்த ஒரு பெண், பெயர் சிவபாக்கியம், காலால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எழும்பி நின்றார். பகிடிக்கு எழும்பினாரா, கால் தன்பாட்டில் எழும்பியதா என்று அவருக்கே தெரிந்திருக்காது. பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தட்டினார்.

“எழும்பு பிள்ளை. திரும்பவும் வலயமாம்.”

அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். பின்னால் ஒருவர் பிள்ளையை இடுப்பில் ஏற்றினார். “எந்தப் பக்கமாம் ஓடுறது?” என்று யாரோ கேட்க, “இந்தமுறை கடல் கிட்டத்தான்” என்று யாரோ சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க நின்றது. சிலர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள், சிலர் சிரிக்காமலே துடைத்தார்கள். சிரிப்பு முற்றிக் கைதட்டலும் சேர்ந்துகொண்டது.

அமைச்சர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவர் கண்டது, யுத்தத்தில் அடிபட்ட ஒரு சனக்கூட்டம் தன் பேச்சுக்கு எழும்பி நின்று கைதட்டிக்கொண்டு நிற்பதை. மனிதரின் கண் கலங்கிவிட்டது. அவர் மேடையை விட்டு இறங்கி, முதலில் எழும்பிய பெண்ணிடம் நேரே நடந்து, மைக்கை நீட்டினார். கமெராக்கள் ஓடிவந்தன. வின்சன்ட் மாஸ்டரும் ஓடினார்.

“நீங்கள் ஏதாவது சொல்லவேணுமாம், அம்மா,” என்றார்.

சிவபாக்கியம் மைக்கைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார். “இவர்தானோ அங்க வலயம் போடுறவர்?”

“ஓம், அம்மா.”

“அப்ப அந்தச் சனத்தோட இவருக்குக் கதைபேச்சு இருக்கும்,” என்றார். பிறகு ஒரு பக்கத்து வீட்டுக்காரிக்குச் சமையல் சொல்வதுபோல, கோபமில்லாமல், அவசரமில்லாமல் சொன்னார். “நான் சொல்லுறதை அவையிட்டச் சொல்லிவிடச் சொல்லுங்கோ. வலயம் எண்டு சொன்ன உடன எல்லாரும் ஓடிப்போய் ஒரு இடத்தில குவியவேண்டாம். தண்ணியை ஒருத்தர் கையில குடுக்காமல் எல்லாற்ற கையிலயும் குடுக்கட்டும். பிள்ளையள் எல்லாத்தையும் ஒரு பங்கருக்குள்ள வைக்கவேண்டாம். பிரிச்சுப் பிரிச்சு வைக்கட்டும். நான் மூண்டையும் ஒண்டாத்தான் வைச்சனான். ஒண்டா இருந்தாப் பயப்பிடாதுகள் எண்டு நினைச்சன்.”

பந்தலில் சிரிப்பு நின்றுவிட்டது. அமைச்சர் மட்டும் சிரித்த முகத்தோடு வின்சன்ட் மாஸ்டர் பக்கம் திரும்பினார். என்ன சொல்கிறார் என்று கண்ணால் கேட்டார்.

வின்சன்ட் மாஸ்டருக்கு முழுவதும் ஆங்கிலத்தில் தயாராக இருந்தது. அவர் சொல்லை விழவிடுகிறவர் அல்ல அல்லவா. வாய்வரைக்கும் வந்தது. அப்போது அமைச்சரின் முதுகுக்குப் பின்னால் றம்ஸீன் கைகூப்புவதைக் கண்டார். பந்தல் ஓரத்தில் ஜெனிற்றா போனை இறக்கிவிட்டுத் தகப்பனைப் பார்ப்பதைக் கண்டார். கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவுகிற அந்தக் கைகளைக் கண்டார்.

“உங்களுக்கு நன்றி சொல்கிறார்,” என்றார். ஆங்கிலத்தில் அது மூன்று சொல்.

அமைச்சர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து சிவபாக்கியத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கமெராக்கள் தின்று தீர்த்தன. சிவபாக்கியம் கையைக் கொடுத்துவிட்டு மாஸ்டரைத்தான் பார்த்தார்.

“முடிஞ்சுதோ? நான் அவ்வளவு சொன்னன்.”

“இங்கிலிஷ் சின்னப் பாஷை, அம்மா,” என்றார் வின்சன்ட் மாஸ்டர்.

“அப்ப வசதிதான்,” என்றார் சிவபாக்கியம். நம்பிவிட்டார்.

வாகனத்தில் ஏறுவதற்கு முன் அமைச்சர் மாஸ்டரின் தோளைப் பிடித்து, அற்புதமான வேலை, உங்களுக்கு நான் என்ன செய்யலாம் என்று கேட்டார். ஜெனிற்றாவின் விசயத்தை, இரண்டு தடவை மறுத்ததையும், மருமகனின் தொழிலையும், பேத்தி போனுக்கு முத்தம் கொடுப்பதையும் வின்சன்ட் மாஸ்டர் ஒரு சொல்லும் கீழே விழாமல் சொன்னார். அன்றைய நாளில் அவர் செய்த ஒரே ஒழுங்கான மொழிபெயர்ப்பு அதுதான்.

இரவு ஜெனிஸ்ரன் போன் எடுத்தான். “மாமா, உங்களை இஞ்ச ரீவியில காட்டினவங்கள். யுத்தம் கண்ட சனமே எழும்பி நிண்டு கைதட்டுது எண்டு போட்டவங்கள். அந்த அம்மா என்னவோ நிறையச் சொன்னா, அவவின்ர சத்தத்தைக் குறைச்சிட்டாங்கள். உங்கட சத்தம்தான் கேட்டது. என்ன சொன்னவ?”

“நன்றி சொன்னவ, தம்பி,” என்றார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு சோறும் இறங்கியது, மீன் குழம்பு நல்லாயிருக்கு என்று றஞ்சினியிடம் சொல்லவும் வந்தது, அதை நினைக்க இன்னும் வெட்கமாக இருந்தது. ஜெனிற்றாவும் மேசையில் இருந்தாள். பந்தலில் நின்று எல்லாவற்றையும் தன் காதால் கேட்டவள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. விசா அவளுக்குத்தான் வேண்டியிருந்தது.

விசா வந்தது. இந்தமுறை அலைச்சலே இல்லை. ஊரில் எல்லாரும் மாஸ்டரின் செல்வாக்கைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கிளப்ப அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, அதனால் அது அவருக்குப் பிடிக்கவும் இல்லை. மெச்சியவர்களிடம், “நான் என்ன செய்தனான், மூண்டு சொல்லு சொன்னனான்” என்பார். தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் மெச்சினார்கள்.

பயண நாளன்று மன்னார் பஸ் நிலையத்தில் சூட்கேஸை வைத்துக்கொண்டு நின்றார்கள். கொழும்பு பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த சிவபாக்கியம் மருந்துப் பையோடு அந்தப் பக்கமாக வந்தார். மாஸ்டர் சூட்கேஸுக்குப் பின்னால் மறையப் பார்த்தார். அவர் பருமனுக்கு அது சூட்கேஸ் செய்யக்கூடிய வேலை அல்ல.

“மாஸ்டர்தானே?” என்று சிவபாக்கியம் கிட்ட வந்தார். “நான் உங்களை நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான். அந்த மனிசன் நான் சொன்னதை அந்தச் சனத்திட்டச் சொல்லியிருப்பாரோ?”

“சொல்லியிருப்பார், அம்மா.”

“மறந்தும் போயிருப்பார். பெரிய ஆக்களுக்கு எவ்வளவு வேலை.” அவர் ஜெனிற்றாவையும் பிள்ளையையும் பார்த்தார். “மகளோ? எங்க பயணம்?”

மாஸ்டர் சொல்வதற்குள் ஜெனிற்றா நாட்டின் பெயரைச் சொன்னாள்.

“அந்த மனிசன்ர நாடோ. அப்ப நல்லதாப்போச்சு.” சிவபாக்கியம் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். “பிள்ளை, நீயும் போய் அங்க ஆருக்கும் சொல்லு. ஆர் காதிலயாவது விழட்டும்.” அன்று பந்தலில் சொன்னதை அதே மாதிரி, அதே வரிசையில் திரும்பவும் சொன்னார். குவியவேண்டாம். தண்ணியைப் பகிர்ந்து குடுக்கட்டும். பிள்ளைகளைப் பிரித்து வைக்கட்டும். மூன்றையும் ஒன்றாக வைத்ததையும் சொன்னார்.

ஜெனிற்றா கேட்டு முடித்து, “சொல்லுறன் அம்மா,” என்றாள். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள். “அப்பா, இதை இங்கிலிசில எப்பிடிச் சொல்லுறது?”

அவளுடைய இங்கிலிஷ் அவருடையதை விட நல்லது. அது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

கொண்டக்ரர் ஏறுங்கோ ஏறுங்கோ என்று பஸ்ஸின் தகரத்தில் தட்டினான். வின்சன்ட் மாஸ்டர் பஸ் புகைக்குள் நின்று மொழிபெயர்க்கத் தொடங்கினார். தண்ணீர் வந்த இடத்தில் குரல் சரியாகத்தான் இருந்தது. பிள்ளைகள் வந்த இடத்தில் நின்று, திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். பயப்பிடாதுகள் எண்டு நினைச்சன் என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் இருந்தது, எல்லாவற்றுக்கும் இருந்தது, அன்றைக்கும் இருந்தது. ஜெனிற்றா ஒவ்வொரு வசனமாகத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தாள். பிறகு பிள்ளையோடு பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் இருந்தாள். பஸ் கிளம்பியது. றெபேக்கா ஜன்னலுக்குள்ளிருந்து தாத்தாவுக்கு முத்தம் கொடுத்தாள், போனுக்குக் கொடுக்கிற அதே முத்தம்.

சிவபாக்கியம் இன்னும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை, மாஸ்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கு இங்கிலிஷ் சின்னப் பாஷை எண்டனீங்கள், மாஸ்டர்,” என்றார். “இண்டைக்கு நீண்டுபோச்சு.”

சிவபாக்கியம் அவரை ஏசவில்லை. மருந்துப் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, தன் பஸ் நிற்கிற இடத்தைத் தேடிப் பார்த்தார்.

“அப்ப அந்தச் சனத்துக்கு இன்னும் தெரியாது,” என்றார்.